நல்ல விலைக்கு ஓர் எஸ்பிரஸ்ஸோ இயந்திரம்: கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு கணக்கு

கள்ளக்குறிச்சியில் ஒருவர் வீட்டுக்கு உயர்ரக எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் வாங்க நினைத்தால், இணையத்தில் அவர் காணும் விலையும் சென்னை அண்ணா நகரில் இருப்பவர் காணும் விலையும் ஒன்றுதான். வேறுபாடு மூன்றாம் ஆண்டில் தெரியவரும். பம்பு நின்றுபோனால் சென்னைக்காரர் இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சர்வீஸுக்குப் போய்விடுவார். கள்ளக்குறிச்சிக்காரர் 20 கிலோ எடையை அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டி லாரி பார்சலில் போட வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ வீடு என்றால், அதற்கு முன்பு மலையிறங்கி வர வேண்டும். இந்த ஒரு வேறுபாடே எதை வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வியை முழுக்க மாற்றிவிடுகிறது. பெருநகரத்து வாங்குபவருக்காக எழுதப்படும் யோசனைகள் இங்கே பாதிக்குமேல் பொருந்துவதில்லை என்பதால், கணக்கை முதலிலிருந்தே போட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் எஸ்பிரஸ்ஸோ காபி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாண மண்டபத்தில் உஸ்ஸென்று இரையும் நீராவி இயந்திரம். இன்ஸ்டன்ட் தூளும் சர்க்கரையும் போட்ட பாலை நீராவியால் நுரைக்கவைத்து, மேலே கொஞ்சம் சாக்லேட் பொடி தூவித் தருவார்கள். அதன் ருசியில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தில் காபித்தூள் வழியாக அழுத்தத்தோடு நீர் இறங்குவதே கிடையாது. நாம் இங்கே பேசுவது அந்த அழுத்தத்தைப் பற்றி. இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோரியோண்டோ 1884-இல் ஒரு நீராவிக் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலானின் லூயிஜி பெட்செரா அதைக் கோப்பைக்குக் கோப்பை இறக்கும் இயந்திரமாக்கினார். இரண்டிலும் வேலை செய்தது நீராவியின் சிறிய அழுத்தம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948-இல், அக்கீல் காஜியாவின் நெம்புகோல் இயந்திரம் சுருள்வில்லின் விசையால் நீரை 9 பார் அளவுக்கு அழுத்தியது. கோப்பையின் மேல் பொன்னிற நுரை வந்தது. 1961-இல் ஃபேமா நிறுவனம் இ61 என்ற மாதிரியில் கைவிசைக்குப் பதிலாக மின்பம்பை வைத்தது. இன்று வீட்டுக்கென்று லட்சக்கணக்கில் விற்கும் பல இயந்திரங்களின் முகப்பில் பளபளப்பது, காபி இறங்கும் ஏறத்தாழ அதே இ61 தலைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மாறாத ஒரு பாகம் என்பது வாங்குபவருக்கு நல்ல செய்தி. அதன் வாஷரும் சல்லடையும் எந்த நாட்டிலும் கிடைக்கும்.

வேண்டியது என்னவோ எளியதுதான். 18 கிராம் தூள், 93 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீர், 9 பார் அழுத்தம், 25 முதல் 30 வினாடி, கோப்பையில் 36 கிராம் காபி. ருசிக்கேற்ப இதில் முன்னே பின்னே போகலாம். பெட்டியின்மேல் 15 பார், 20 பார் என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பம்பால் அதிகபட்சம் முடியும் அளவு; அதனால் காபி மேம்படுவதில்லை. மலிவான இயந்திரங்கள் அடியில் ஒற்றைத் துளை மட்டுமுள்ள இரட்டைச் சுவர் வடிகூடையோடு வருகின்றன. தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளை நுரையை உண்டாக்கிக் காட்டிவிடும். ஒற்றைச் சுவர் கூடை அந்த இயந்திரத்துக்குக் கிடைக்குமா என்பதைக் கேட்ட பிறகே மற்றதைக் கேட்க வேண்டும்.

விலை எதனால் ஏறுகிறது என்றால், பெரும்பாலும் சூடேற்றும் முறையால். டெலோங்கி டெடிக்கா போன்ற மெல்லிய இயந்திரங்களில் நீர் ஒரு சூடான உலோகக் கட்டியின் வழியே ஓடிச் சூடாகிறது. பிரெவில் பாம்பினோ அதே கருத்தை வேகமாக்கி, மூன்று வினாடியில் தயார் என்று சொல்லிக்கொள்கிறது. அடுத்தது ஒரே பாய்லர் கொண்டவை. 1990-களில் வந்து இன்றும் விற்கும் காஜியா கிளாசிக்கும் ரான்சிலியோ சில்வியாவும் இவ்வகை. கடைகளில் இருப்பதுபோன்ற 58 மில்லிமீட்டர் கைப்பிடி, கனத்த பித்தளைத் தலை, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் திறந்துவிடக்கூடிய உடல். குறை என்னவென்றால், காபி இறக்கிய பின் பாலை நுரைக்கப் பாய்லர் மேலும் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு மேலே, நீராவிப் பாய்லருக்குள்ளேயே தனிக் குழாயில் காபி நீரைச் சூடாக்கும் வெப்பமாற்றி வகை. அதற்கும் மேலே காபிக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று என இரட்டைப் பாய்லர். லா மார்சோக்கோவின் லீனியா மினியும், 2022-இல் வந்த லீனியா மிக்ராவும் இந்த உச்சியில் நிற்கின்றன. மிக்ரா அமெரிக்காவில் அறிமுகமான விலை 3,900 டாலர்.

இரட்டைப் பாய்லர் நம் வீடுகளுக்கு வீண் ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. இத்தாலியர் பாலில்லாமல் ஒரு மடக்கில் குடித்துப் போகிறார். நம் வீட்டில் காலை ஆறரைக்கு ஐந்து பேருக்கும் பால் காபி வேண்டும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. அப்போது நீராவிதான் பாதி வேலை. தினமும் நாலைந்து பால் காபி போடும் வீட்டில் ஒற்றைப் பாய்லர் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அந்த ஐந்து பேருக்கும் பித்தளை ஃபில்டர் ஒரே இறக்கத்தில் டிகாஷன் கொடுத்துவிடுகிறதே! ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டு எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தை வைப்பது என்ற எண்ணத்தோடு வாங்கியவர்கள் ஏமாந்துபோவார்கள். காலை நெரிசலை ஃபில்டரிடம் விட்டுவிட்டு, எஸ்பிரஸ்ஸோவை நேசிக்கும் ஒருவர் இருவருக்கான கருவியாக இதை வைத்துக்கொண்டால், ஒற்றைப் பாய்லரே போதும். செலவும் பல மடங்கு இறங்கிவிடும்.

அப்படி மிச்சமாகும் பணம் கிரைண்டருக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில் பிடிவாதம் பிடிக்க அனுமதி உண்டென்றால் இங்கேதான் பிடிப்பேன். 9 பார் அழுத்தத்தில் வரும் நீரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் தூளின் நயமே. தூள் சற்றுக் கரடானால் 12 வினாடியில் நீர் ஓடிவிடும், காபி புளிக்கும். சற்று நைசானால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கும். கடைவீதியில் காபித்தூள் அரைத்துத் தரும் கடைக்காரரிடம் எவ்வளவு நயமாகக் கேட்டாலும், அது நேற்றைய காற்றின் ஈரத்துக்கும் இன்றைய கொட்டையின் வயதுக்கும் ஒத்துவராது. வறுத்த கொட்டை ஒரு வாரத்துக்கு ஒரு வாரம் மாறும். அரைப்பதையும் அதற்கேற்ப ஒரு நூல் திருப்ப வேண்டும். மிக்சியின் பிளேடு இந்த வேலைக்கு ஆகாது, அது கொட்டையை உடைக்கிறது. இதற்குத் தேவை ஒரே அளவில் அரைக்கும் பற்சக்கரம். நல்ல எஃகுப் பற்சக்கரம் வைத்த கைக்கிரைண்டர் ஒன்று, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மின்கிரைண்டரோடு போட்டியிடும். 18 கிராமுக்கு ஒரு நிமிடம்போலச் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மின்வெட்டிலும் சுற்றலாம்.

மின்சாரத்துக்கே வருவோம். 1,400 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். சமையலறையின் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் நாளடைவில் சாக்கெட் சூடேறிக் கெடலாம்; வாட்டர் ஹீட்டர் மாட்டும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், நில இணைப்பு சரியாக இருக்க வேண்டும். நீரும் உலோகமும் வெப்பமும் சேர்ந்த கருவிக்கு எர்த் இல்லாமல் மின்சாரம் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. அடுத்தது தாழ்மின்னழுத்தம். கரும்புக்கும் மரவள்ளிக்கும் மோட்டார்கள் ஓடும் பருவத்தில் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இது தெரிந்த கதை. சூடேற்றும் கம்பியின் வலு வோல்ட்டேஜின் இருமடியாகக் குறையும். 230 வோல்ட்டில் 1,400 வாட் கொடுக்கும் கம்பி 180 வோல்ட்டில் 860 வாட்டைக்கூடத் தொடாது. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு சூடு போய்விட்டது. அதிர்வுப் பம்பும் தளர்ந்துபோகும். அழுத்தம் 9 பாரை எட்டாது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், கெட்டது லைன். ஏ.சி.க்கு வாங்கும் 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசரே இதற்கும் தாராளமாகப் போதும். அதன் விலையை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்ற நினைப்பை விட்டுவிடலாம், 900 வி.ஏ. இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது.

உயர்ரக இயந்திரங்களை உண்மையில் கொல்வது தண்ணீர். கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயனிலிருந்து இறங்கி வந்தாலும், சமவெளியில் பல வீடுகள் நம்பியிருப்பது போர் தண்ணீரை. குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும் அதே உப்பு, பாய்லருக்குள் இன்னும் வேகமாகப் படியும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கரையாத கார்பனேட்டாக மாறிவிடுகிறது. கம்பியின்மேல் ஓடு கட்டுகிறது, மெல்லிய துளைகள் அடைபடுகின்றன. சிறப்புக் காபிச் சங்கம் காபிக்கு வகுத்த நீரில் மொத்தக் கரைபொருள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 150 மில்லிகிராமை ஒட்டி இருக்க வேண்டும். 75 முதல் 250 வரை ஏற்கலாம். உடனே ஆர்.ஓ. நீரை ஊற்றலாம் என்று தோன்றும். மிகத் தூய ஆர்.ஓ. நீரும் தொல்லைதான். காபியின் ருசி தட்டையாகும், உலோகம் அரிக்கும், பாய்லர் மட்டத்தை மின்கடத்துதிறனால் அறியும் இயந்திரங்களில் உணரி நீர் இருப்பதையே அறியாமல் நிரப்பிக்கொண்டே போகும். வீட்டு ஆர்.ஓ. கருவியில் டி.டி.எஸ். திருகு இருந்தால் 100 முதல் 150-க்குள் வரும்படி திருப்பிவைக்கலாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும், ஆனால் அது கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது; மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் சொட்டு மருந்துச் சோதனை அதைச் சொல்லும். இரண்டையும் இயந்திரம் வருவதற்கு முன்பே செய்து பார்த்துவிட வேண்டும். நீர் சரியில்லாத வீட்டில் மூன்று லட்ச ரூபாய் இயந்திரமும் முப்பதாயிர ரூபாய் இயந்திரமும் ஒரே வேகத்தில்தான் அடைபடும். முப்பதாயிரத்தைத் திறந்து சிட்ரிக் ஆசிட் விட்டுக் கழுவ நமக்குத் துணிச்சல் வரும்.

இனி, குறைந்த விலைக்கு எங்கே வாங்குவது? வெளிநாட்டு இணையக் கடையின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் இல்லை. வீட்டு மின்காபி இயந்திரங்களுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. சரக்குக் கூலியும் காப்பீடும் சேர்த்து 50,000 ரூபாய்க்கு வந்து இறங்கும் இயந்திரத்துக்கு அந்த விகிதத்தில் வரி 10,000. அதன்மேல் சமூகநலக் கூடுதல் வரி 1,000. ஆகமொத்தம் 61,000-க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. 10,980. கையில் சேரும்போது 71,980 ரூபாய். இந்திய முகவர்கள் விலையை ஏற்றிச் சொல்கிறார்கள் என்று பொதுவாக ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த ஏற்றத்தின் பெரும்பங்கு வரி என்பது புரியும். உத்தரவாதமும் பாகங்களும் வேண்டும் என்பவர் முகவரிடம் வாங்குவதே மேல். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதங்கள் மாறுகின்றன என்பதையும் நினைவில் வைக்கலாம்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் மச்சானோ தம்பியோ விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது இன்னொரு வழி. இந்த மாவட்டத்தில் அப்படி ஆள் இல்லாத சொந்தபந்தம் குறைவு. பயணியின் பெட்டிச் சாமான்களுக்குச் சுங்கத்தில் ஒரு விலை வரம்புவரை விலக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டு விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. அவர் புறப்படும் நாளில் நடப்பில் இருக்கும் வரம்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ரசீதையும் கையில் வைத்திருக்க வேண்டும். எந்த நாடு என்பது முக்கியம். சிங்கப்பூர், துபாய், குவைத், கத்தார் இயந்திரங்கள் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ், நம் வோல்ட்டேஜை ஒட்டியவை. பிளக்கை மாற்றினால் போதும். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்க இயந்திரத்தை இங்கே ஓட்டக் கனத்த மின்மாற்றி ஒன்று அடுக்களையில் குந்திக்கொள்ளும். அதற்குப் பிறகும் அதிர்வுப் பம்பு வினாடிக்குக் குறைவான தடவைதான் அடிக்கும். அமெரிக்காவில் பாதி விலை என்று யாராவது சொன்னால், அன்போடு மறுத்துவிடலாம். உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

பழைய இயந்திரம்தான் என் கண்ணுக்கு மிகச் சுவையான வழி. பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூரில் ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் அலுத்துப்போனவர்கள் விற்கிறார்கள். புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஊர் மாறிப் போகிறவர்களிடமும் விசாரிக்கலாம். கள்ளக்குறிச்சிக்கு அது ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவது கூடாது. நேரில் போய், குளிர்ந்த நிலையிலிருந்து போடச் சொல்ல வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் குறைகள் மறைந்திருக்கும். மேல்மூடியைத் திறக்கச் சொல்லிப் பாய்லர் மூட்டுகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீராவிக் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டால் பாய்லரின் உண்மை வலு தெரியும். அழுத்தமானி இருந்தால் முள் ஆடாமல் நிற்கிறதா? பம்பின் ஓசை ஒரே சீராக இருக்கிறதா? கேஸ்கெட், சல்லடை, ஏன் அதிர்வுப் பம்புகூட மாற்றிவிடக்கூடிய மலிவான பாகங்கள். அரித்த பாய்லரும் கருகிய மின்பலகையும் இருந்தால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

மின்பலகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடுதிரையும் கைப்பேசிச் செயலியும் உள்ள இயந்திரங்கள் அழகாக வேலை செய்கின்றன, நின்றுபோகும் நாள்வரை. நின்ற பிறகு பலகையை அந்த நிறுவனம்தான் தர வேண்டும். கள்ளக்குறிச்சியில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. போர் மோட்டார் கட்டுகிறவர்கள், மிக்சி கிரைண்டர் சரிசெய்கிறவர்கள், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் பாய்லரையும் அழுத்தமானியையும் வால்வையும் வாழ்நாளெல்லாம் கையாண்ட ஃபிட்டர்கள். ஒரு பாய்லர், ஒரு பம்பு, ஒரு தெர்மோஸ்டாட், மூன்று சுவிட்ச் என்று இருக்கும் இயந்திரத்தை இவர்கள் முன்னால் வைத்தால் அரைமணியில் பிடிபட்டுவிடும். உள்ளூர்க் கைகளால் திறந்து மூட முடிவது இந்த ஊரில் எந்தத் தள்ளுபடியைவிடவும் பெரிய லாபம்.

மலைமேல் கதை வேறு. மழைக்காலத்தில் ஒரு மரம் லைனில் சாய்ந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாத இடத்துக்கு மின்பம்பு இயந்திரமே பொருந்தாது என்பது என் எண்ணம். ஃப்ளேர், கஃபேலாட் ரோபோ போன்ற கைநெம்புகோல் கருவிகளில் பாய்லரும் இல்லை, பம்பும் இல்லை. அடுப்பில் கொதித்த நீரை ஊற்றி, கையால் அழுத்தினால் 9 பார் வரை வரும். உயரத்தில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்குமே என்று கேட்கலாம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் கொதிநிலை 97 டிகிரியை ஒட்டி இருக்கும். காபிக்கு வேண்டியது 93. கருவியை முன்பே வெந்நீரில் சூடாக்கிக்கொண்டால் கணக்கு சரியாக வந்துவிடும். பாலை நுரைக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்பது ஒன்றே குறை. உயர்ரகம் என்றால் மின்சாரமும் மினுக்கலும் என்று நினைப்பவருக்கு இது சின்னதாகத் தெரியலாம். நல்ல கிரைண்டரோடு சேர்ந்தால் இதிலிருந்து இறங்கும் காபி லட்ச ரூபாய் இயந்திரத்துக்குத் தலைவணங்காது.

காபிக்கொட்டைக்கு நாம் அதிகம் அலைய வேண்டாம். சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இன்றும் ஏற்காட்டுத் தோட்டங்களில் அராபிகா விளைகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் வழியே காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். சிக்கரி கலந்த தூளை மட்டும் எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தில் போடக் கூடாது. சிக்கரி நீரில் நிறையக் கரைந்து பிசுபிசுப்பாகி வடிகூடையை அடைக்கும். வறுத்து ஒரு வாரம் ஆறவைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் அளவே வாங்க வேண்டும். கறந்த பாலானால் முதலில் காய்ச்சி, ஆடை எடுத்து, குளிரவைத்த பிறகே நுரைக்க வேண்டும். 65 டிகிரியைத் தாண்டினால் நுரையின் மென்மை போய்விடும் என்பதால், கொதிக்கக் குடித்துப் பழகிய நாக்கு கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருக்கும்.

செலவில் கொட்டையின் பங்கைப் பெரும்பாலானோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு இறக்கம் என்றால் 36 கிராம், ஆண்டுக்கு 13 கிலோவுக்குச் சற்று மேல். கிலோ 1,600 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய். ஐந்தே ஆண்டில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இயந்திரத்தில் பத்தாயிரம் குறைத்து வாங்கினோம் என்று மகிழ்ந்துவிட்டு, அரைப்பது சரியில்லாமல் தினம் ஒரு இறக்கத்தைத் தொட்டியில் கொட்டினால் அந்த லாபம் ஒரே ஆண்டில் கரைந்துபோகும்.

கையில் ஒரு லட்சம் இருக்கும் கள்ளக்குறிச்சி வீட்டுக்கு நான் சொல்லும் பங்கீடு இது. எளிதாகத் திறக்கக்கூடிய 58 மில்லிமீட்டர் ஒற்றைப் பாய்லர் இயந்திரத்துக்குப் பாதி. முடிந்தால் நேரில் பார்த்த பழையது. கிரைண்டருக்கு முப்பதாயிரத்தை ஒட்டி. ஸ்டெபிலைசர், 16 ஆம்பியர் பாயின்ட், நீர்ச் சோதனை ஆகியவற்றுக்குப் பத்தாயிரம். மீதியில் முதல் சில மாதக் கொட்டை. பணம் கட்டும் அன்றே இயந்திரத்தோடு சேர்த்து இரண்டு கேஸ்கெட்டும் ஒரு சல்லடையும் ஒரு உதிரிப் பம்பும் வாங்கி, பெயர் எழுதி ஒரு பையில் போட்டு வைத்துவிட வேண்டும். அவை சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். பின்னால் தனியாக வரவழைக்கும்போது காத்திருக்கும் நாட்களுக்கு விலை போட முடியாது.